பாஸை முட்டி போட வைக்க எந்த வழி?

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமில் பாஸின், அதாவது வழியை அடைத்து நிற்கும் பெரிய எதிரியின், உயிர்க்கோட்டை மட்டும் பார்த்து அடிப்பவர்களுக்குப் பாதிச் சண்டை கண்ணில் படுவதே இல்லை. மீதிப் பாதி, திரையில் காட்டப்படாத ஒரு கணக்கு. ஒவ்வொரு எதிரிக்கும் ‘ஸ்டான்ஸ்’ என்று ஒன்று உள்ளுக்குள் ஓடுகிறது. நாம் கொடுக்கும் அடி உயிரைக் குறைப்பதோடு அதையும் கொஞ்சம் கரைக்கும். அது தீர்ந்த நொடியில் எவ்வளவு பெரிய பாஸாக இருந்தாலும் தள்ளாடி முட்டி போட்டுவிடும். அப்போது நேர் எதிரே போய் லைட் பட்டனை (லேசான அடிக்கான பட்டன்) ஒரு தடவை அழுத்தினால் கிரிட்டிகல், அதாவது உயிரை நிறையக் குறைக்கும் தனிக் குத்து. எங்கள் பக்கத்துப் பையன்கள் இதை ஸ்டாகர் என்பார்கள், இல்லையென்றால் ‘முட்டி போட வைக்கிறது’ என்பார்கள்.

எங்கள் பக்கம் என்றால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். இங்கே பலருக்குப் பள்ளிக்கூடம் தமிழில், அரசாங்கக் காகிதம் மலையாளத்தில், விளையாட்டு இங்கிலீஷில். எல்டன் ரிங்கில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. அதனால் ஒரு தாயத்தின் (டாலிஸ்மேன், நம் ஆள் மாட்டிக்கொள்ளும் பொருள்) கீழே பொடி எழுத்தில் இருக்கும் விளக்கத்தை ஒருவன் படித்து, இன்னொருவனுக்கு வாய்வழியாகச் சொல்லி, அது மூன்றாவது ஆளிடம் போகும்போது வேறு கதையாகிவிடும். ‘க்ளா டாலிஸ்மேன் மாட்டினா பாஸ் சீக்கிரம் முட்டி போடும்’ என்று நம்பிக்கொண்டிருக்கிற பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தாவி அடிக்கும் அடியில் போகும் உயிரைத்தான் கூட்டும். ஸ்டான்ஸ் கரைவதில் அதற்குப் பங்கு இல்லை.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் அக்கா மகன். பொள்ளாச்சியில் கல்லூரி, ராத்திரி ஒரு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் கையில் கிடைக்கும். வாளும் ஷீல்டும் பிடித்த வேகபாண்ட் வகுப்பில் ஆரம்பித்து, ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸிடம் மாட்டிக்கொண்டான். “மாமா, நான் அடிக்கறேன், அவன் அசையவே மாட்டேங்கறான். பேரி பழகறதா, பெரிய வாள் எடுக்கறதா, ஷீல்டு புடிச்சுட்டே அடிக்கறதா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க, அதையே புடிச்சுக்கறேன்” என்றான். பேரி என்றால் வருகிற அடியைச் சரியான நொடியில் தட்டிவிடுவது. ஒன்றைச் சொல்லிவிடலாம். ஆனால் அவனுக்குப் பொருந்தும் வழி அவன் சிநேகிதனுக்குப் பொருந்தாது. ஆயுதத்தைப் பார்ப்பதற்கு முன்னால், பாஸ் கையை ஓங்கும்போது உங்கள் விரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் தேர்வு அங்கேதான் இருக்கிறது.

முதலில் எல்லா வழிக்கும் பொதுவான சில விஷயங்கள்.

ஸ்டான்ஸ் எவ்வளவு கரையும் என்பதை முடிவு செய்வது ஆயுதத்தின் வகையும் அடியின் வகையும்தான். ஆயுதத்தை எத்தனை தடவை கொல்லனிடம் கொடுத்து ஏற்றியிருக்கிறீர்கள் என்பது இதில் சேராது. ஏற்றாத பெரிய வாளும் பத்து தடவை ஏற்றிய அதே வாளும் ஸ்டான்ஸை ஒரே அளவுதான் கரைக்கும். லெவல் குறைவாக இருப்பவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. கத்தி, குத்துவாள் மாதிரியான சின்ன ஆயுதங்கள் மிகக் குறைவாகக் கரைக்கும். கொலாசல் என்கிற ராட்சத வகை வாள்களும் சம்மட்டிகளும் மிக அதிகமாக. ஒரே ஆயுதத்திலும் லைட் அடி குறைவு, தாவி அடிக்கும் ஹெவி (கனமான அடி) அதிகம், அமுக்கிப் பிடித்து விடும் சார்ஜ் ஹெவி அதைவிட அதிகம். இரண்டு கையாலும் பிடித்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இரண்டாவது, இந்தக் கணக்கு ஓட்டைத் தொட்டியில் மோட்டார் வைத்துத் தண்ணீர் நிரப்புகிற மாதிரி. மோட்டார் ஓடும்வரை மட்டம் ஏறும். நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்த்தால் நிரப்பினதெல்லாம் வடிந்துவிடும். நாலு நல்ல அடி கொடுத்துவிட்டு, பயந்து தூரமாக ஓடி, மருந்து குடித்து, மூச்சு வாங்கிவிட்டு வந்தால் பழையபடி முதலில் இருந்து. என் மருமகன் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

மூன்றாவதாக, பாஸ் லேசாகத் துடிப்பதும் முட்டி போடுவதும் வேறு வேறு. மலேனியா என்ற பாஸைக் கனமான ஆயுதத்தால் அடித்தால் பல நேரம் உடம்பு ஒரு உலுக்கு உலுக்கும். அது ஸ்டான்ஸ் உடைந்ததல்ல. கிரிட்டிகல் கிடைக்கும் என்று ஓடிப்போய் முன்னால் நின்றால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

தாவி அடிப்பது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். தாவிக்கொண்டே ஹெவி பட்டன். அவ்வளவுதான் பாடம். சார்ஜ் செய்யக் காத்திருக்க வேண்டாம், பாஸின் அசைவை நுணுக்கமாகப் படிக்க வேண்டாம். கொலாசல் வாளை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு இப்படி விழுந்தால் பாஸ் சீக்கிரமே தள்ளாட ஆரம்பிக்கும்.

இதன் அருமை அடியில் மட்டும் இல்லை, தாவலிலும் இருக்கிறது. தாவும்போது கால் பக்கம் வருகிற அடி நம் மேல் படாது. தரையைக் கூட்டிக்கொண்டு வரும் வீச்சு, காலால் மிதித்துக் கிளப்பும் அதிர்ச்சி அலை எல்லாம் அடியில் போய்விடும். காட்ரிக் கோடாலியால் தரையை உடைக்கும்போதும், காட்ஃப்ரே காலை ஓங்கி மிதிக்கும்போதும் உருண்டு தப்பிப்பவன் தப்பிக்க மட்டும்தான் செய்கிறான். தாவினவன் தப்பித்துக்கொண்டே அடியையும் வைத்துவிடுகிறான். ஒரே அசைவில் இரண்டு வேலை. தொட்டி வடியவும் இடம் இல்லை.

யாருக்குப் பொருந்தாது? பாஸ் கையை ஓங்கினதுமே பின்னால் உருளுகிற ஆளுக்கு. தாவல் முன்னால் போகிற அசைவு. பயத்தை எதிர்த்துப் போக வேண்டும். தவிர, நடு ஆகாயத்தில் அடி வாங்கினால் நாம்தான் கீழே விழுந்து கிடப்போம். மார்கிட் இடையிடையே மின்னுகிற சின்னக் கத்தியை வீசுவான் பாருங்கள், அது தாவி வருகிறவனுக்கென்றே செய்தது போல இருக்கும். அவன் தடியை ஓங்கிப் பிடித்தபடி வேண்டுமென்றே தாமதிப்பான். அந்தத் தாமதத்தில் தாவினால் இறங்கும் இடத்தில் தடி காத்திருக்கும். தடி தரையில் விழுந்த பிறகு தாவ வேண்டும். ஆளைவிட நாலு மடங்கு பெரிய பாஸ்களிடம் லாக் போட்டு (கேமராவை எதிரி மேல் பூட்டி) தாவினால் கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என்பதும் தெரிந்த தொல்லைதான். டிராகன் காலடியில் லாக்கை எடுத்துவிடுங்கள்.

ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குள் க்ளா டாலிஸ்மேன் கிடைக்கும். ஸ்டான்ஸுக்கு உதவாது என்று மேலே சொன்னேன். உயிரைக் குறைக்க நன்றாகவே உதவும், மாட்டிக்கொள்ளுங்கள்.

சார்ஜ் ஹெவி, அதாவது ஆள் துணை உள்ளவனுக்கு

ஒரே அடியில் ஸ்டான்ஸை அதிகம் கரைப்பது அமுக்கிப் பிடித்து விடும் ஹெவிதான். காகிதத்தில் பார்த்தால் இதுவே முதலிடம். ஆனால் களத்தில் அந்த நேரத்தை யார் கொடுப்பது? தனியாக நிற்பவனுக்கு மார்கிட் கொடுக்க மாட்டான். கொலாசல் ஆயுதங்களில் சார்ஜ் செய்யும்போது சின்ன அடி பட்டால் அசைவு கலையாது என்பது உண்மை. உயிர் போவது போவதுதான்.

நமக்குத் துணையாகச் சண்டை போடும் ஆவிகளைக் கூப்பிட்டுக்கொண்டால் கதை மாறிவிடும். சர்ச் ஆஃப் எல்லேயில் ரென்னா மணியோடு சேர்த்துக் கொடுக்கும் மூன்று ஓநாய்களே போதும். பாஸ் ஓநாய் பக்கம் திரும்பி நிற்கும்போது முதுகுப் பக்கம் நின்று முழுசாகச் சார்ஜ் ஏற்றி விடலாம். ஓநாய்கள் கடிப்பதும் அதே ஸ்டான்ஸ் கணக்கில்தான் சேரும். நாம் மருந்து குடிக்க ஒதுங்கும் நேரத்திலும் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். பிற்பாடு நாக்ரானில் மிமிக் டியர் என்ற ஆவி கிடைத்தால் நம்மையே இன்னொரு தடவை அச்சடித்த மாதிரி, நம் கையில் இருக்கும் பெரிய வாளோடு அதுவும் இறங்கி அடிக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆவி இருந்தால் பேரியும் ஷீல்டு வழியும் மந்தமாகிவிடும். பாஸ் நம்மை அடித்தால்தானே தடுப்பது? யாரை எப்போது அடிக்கப் போகிறது என்று தெரியாமல் ஷீல்டைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க வேண்டியிருக்கும். ஆவி கூப்பிடுவது கேவலம் என்று நினைக்கிற வீராதி வீரர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சார்ஜ் ஹெவி வேண்டாம், தாவல்தான்.

ஷீல்டில் வாங்கித் திருப்பிக் கொடுப்பது

கார்ட் கவுண்டர். அடியை ஷீல்டில் வாங்கி, வாங்கின கையோடு ஹெவி பட்டன். ஆள் ஒரு சுற்றுச் சுற்றி ஓங்கி அடிப்பான். இந்த விளையாட்டைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர் தன் பழைய சோல்ஸ் விளையாட்டுகளில் வைக்காத ஒன்று. 2022 பிப்ரவரி 25 அன்று எல்டன் ரிங் வந்தபோது புதிதாக வந்தது. பழைய ஆட்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை. ஷீல்டு என்றால் கோழை வேலை என்று ஒரு பேச்சு அவர்களிடம் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. லைட் அடி மாதிரி பட்டென்று முடிந்துவிடும், ஹெவி அடி மாதிரி ஸ்டான்ஸைக் கரைக்கும். இந்த இரண்டும் சேர்ந்து வேறு எங்கே கிடைக்கிறது?

என் மருமகனின் பிரச்சினைக்கு இது நேர் மருந்து. அவன் சீக்கிரம் உருளுகிறவன். மார்கிட் தடியைத் தூக்கிப் பிடித்துத் தாமதிக்கும்போது இவன் விரல் முன்னாலேயே அழுத்திவிடும். உருண்டு எழுந்திருக்கும்போது தடி இறங்கும். ஷீல்டுக்கு அந்த அவசரம் கிடையாது. முன்னாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்; எவ்வளவு தாமதித்தாலும் அடி வந்து ஷீல்டில்தான் விழும். மார்கிட்டின் ஏமாற்று வேலையெல்லாம் உருளுகிறவனை ஏமாற்றத்தான்.

நிபந்தனைகள் உண்டு. ஷீல்டு, ஆயுத அடியை நூற்றுக்கு நூறு தடுக்க வேண்டும். வேகபாண்ட் ஆரம்பத்தில் வைத்திருக்கும் ஹீட்டர் ஷீல்டே அப்படிப்பட்டதுதான், காசு செலவில்லை. ஸ்டமினா (நம் ஆளின் தெம்பு) மிஞ்ச வேண்டும். தடுக்கும்போது ஸ்டமினா தீர்ந்துவிட்டால் முட்டி போடுவது நாமாக இருக்கும். சம்மன்வாட்டர் கிராமத்தில் கிடைக்கும் பச்சை ஆமைத் தாயத்து ஸ்டமினாவைச் சீக்கிரம் ஏற்றும். இது ஷீல்டுக்காரனுக்கு வேறு எந்தத் தாயத்தையும்விட முக்கியம். பாஸ் நாலு அடித் தொடர் அடித்தால் முதல் அடியிலேயே திருப்பிக் கொடுக்கப் பார்க்காதீர்கள். கடைசி அடியை வாங்கிவிட்டுக் கொடுங்கள். எது கடைசி என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வழியின் மொத்தப் படிப்பும்.

நெருப்பு, மந்திரம், பொன்னொளி கலந்த அடிகள் ஷீல்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே வரும். பிடித்துத் தூக்கும் அடியை ஷீல்டு தடுக்கவே தடுக்காது. கடைசியாக ஒன்று: மலேனியாவிடம் இந்த வழியோடு போகாதீர்கள். அவள் அடி ஷீல்டில் பட்டாலும் அவளுக்கு உயிர் ஏறும். நாம் தடுத்துத் தடுத்து அவளை வளர்த்துவிட்டுக்கொண்டு இருப்போம். மற்ற எல்லா இடத்திலும் புத்திசாலித்தனமாக இருந்தது அவளிடம் அவளுக்கே உபகாரமாகிவிடும்.

2024 ஜூன் 21 அன்று வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பாகத்தில் டிஃப்ளெக்டிங் ஹார்ட்டியர் என்று ஒரு கண்ணீர்த்துளி இருக்கிறது. பிசிக் குப்பியில் (இந்தத் துளிகளைக் கலந்து குடிப்பதற்கான குப்பி) கலந்து குடித்தால், அடி படுவதற்குச் சற்று முன்னால் சரியாகத் தடுப்பவனுக்குப் பெரிய லாபம். அதைத் தொடர்ந்து வரும் கார்ட் கவுண்டரும் பலமாக இருக்கும். அதே நிறுவனத்திடமிருந்து 2019-இல் வந்த செகிரோ விளையாட்டில் வாளால் அடியைத் தட்டிவிட்டுப் பழகியவர்கள் இதைக் குடித்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி உணர்வார்கள். செகிரோவில் எதிரியின் நிலைகுலைவு திரையிலேயே ஒரு கோடாக ஓடும். இங்கே அந்தச் சலுகை இல்லை.

பேரி: அழகு, ஆனால்

பேரி எல்லோருக்கும் ஆசை. அடி வருகிற நொடியில் தட்டிவிட்டு, எதிரி வாய் பிளந்து நிற்கும்போது குத்துவது. பார்க்கிறவர்களுக்கு இதைவிட அழகான காட்சி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாலு பையன்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போது ‘அடிபொளி’ என்ற சத்தம் தாவி அடித்தவனுக்கு வராது, பேரி செய்தவனுக்குத்தான் வரும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.சி.யில் இந்த விளையாட்டு விநாடிக்கு 60 பிரேமுக்கு மேல் ஓடாது. ஒரு பிரேம் கிட்டத்தட்ட 16.7 மில்லி விநாடி. மருமகனின் பழைய கார்டில் 30 வந்தாலே பெரிது. அங்கே ஒரு பிரேம் 33 மில்லி விநாடி. இதோடு ஹாலில் இருக்கும் டி.வி.யை கேம் மோடில் போடாமல் இணைத்தால், படத்தை மெருகேற்றுகிறேன் என்று அது வேறு தாமதிக்கும். பேரி பிடிக்கிற இடைவெளியே சில பிரேம்கள்தான். இவ்வளவு தாமதத்தோடு பழகினவன் நல்ல மானிட்டருக்கு மாறினால் கை மறுபடியும் தப்பும். திறமை ஆளிடம் இருந்தால் மட்டும் போதாத வழி இது.

பேரி எல்லா பாஸிடமும் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராகனையும் ஃபயர் ஜயண்டையும் எதை வைத்துத் தட்டுவது? மனித உருவில் ஆயுதம் பிடித்து வருகிறவர்களிடம்தான் செல்லும். அவர்களிலும் ஒரு தட்டில் விழாதவர்கள் உண்டு. மலேனியாவை மூன்று தடவை தட்டினால்தான் முட்டி போடுவாள். க்ருசிபிள் நைட் என்ற எதிரி ஒரே தட்டில் திறந்துகொள்வான். பேரியால் சண்டையே சுலபமாகிவிடும் என்று நான் அடித்துச் சொல்லும் இடம் ஸ்டார்ம்ஹில் எவர்கோலில் இருக்கும் அந்த நைட்தான். பழக விரும்பினால் அங்கே போய்ப் பழகுங்கள். கையில் பக்லர் இருக்கட்டும். பேண்டிட் வகுப்புக்கு ஆரம்பத்திலேயே உண்டு, பேரிக்கென்றே பிறந்த ஷீல்டு.

சுருக்கமாக, பாஸ் கை ஓங்கும்போது விரல் உறைந்து, கண் மட்டும் அகலத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் சிலர் உண்டு. பேரி அவர்களுக்கு. அவர்கள் தாமதமாக அழுத்துகிறவர்கள். பேரிக்கு அது தேவை. அவசரக்காரனுக்கு வேண்டாம்.

கல்லெறிகிற கட்சி

மருமகனின் சிநேகிதன் சித்தூர்க்காரன், மலையாளி, மந்திரவாதி வகுப்பு. இந்த விவாதம் முழுக்க ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, “சேட்டா, கல்லெறிஞ்ஞா மதி” என்று ஒரே வாக்கியத்தில் முடித்தான். கல் எறிந்தால் போதும். அவன் சொன்னது ராக் ஸ்லிங். கேலிட் பக்கம் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் இடிபாடுகளில் கிடைக்கும். 18 இன்டெலிஜென்ஸ் போதும். தரையிலிருந்து மூன்று பாறையைப் பெயர்த்துக் கொண்டுபோய் மோதும். மந்திரம் என்றாலும் அடி கல்லடிதான். மந்திரத்துக்கு அசையாத எதிரிகளிடமும் செல்லும். அதே இடிபாடுகளில் மீட்டியரைட் ஸ்டாஃபும் உண்டு. அந்தக் கோலை மேம்படுத்த முடியாது, ஆனால் இந்த வகை மந்திரங்களுக்குக் கூடுதல் பலம் தரும். மந்திரவாதிகளில் பலர் நீல அம்புகளை விட்டு விட்டு உயிரை மட்டும் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். பாஸை முட்டி போட வைக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு இதுதான் நல்ல வழி. குறை: பாறை எழும்பி, தயங்கி, பிறகுதான் பறக்கும். துள்ளிக்கொண்டே இருக்கும் பாஸிடம் பாதி தரையில் போகும். கூரை தாழ்ந்த குகைகளில் வேண்டவே வேண்டாம்.

ஆஷ் ஆஃப் வார், அதாவது ஆயுதத்தில் பொருத்தும் தனித் திறன், பற்றி நீட்ட வேண்டாம். பெரிய வாளுக்கு லயன்ஸ் க்ளா. ஃபோர்ட் கேலில் இருக்கும் சிங்கத்தைக் கொன்றால் கிடைக்கும். குட்டிக்கரணம் அடித்து விழும் அடி, தாவல் ஹெவிக்குச் சொந்தக்கார அண்ணன் மாதிரி பலமானது. எஃப்.பி. (மந்திரத்துக்கும் திறனுக்குமான சக்தி) செலவாகும், அவ்வளவுதான் வித்தியாசம். எந்த வழியாக இருந்தாலும் பிசிக் குப்பியில் ஸ்டோன்பார்ப் துளி கலந்து குடித்தால் 30 விநாடிக்கு ஸ்டான்ஸ் வேகமாகக் கரையும். அந்த 30 விநாடியும் ஓயாமல் அடிக்க முடிகிறவனுக்கு மட்டும்.

ஒரு சில பாஸ்களுக்குத் தனிச் சாவி

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி தேட வேண்டியதில்லை. மார்கிட்டை மடக்க பேட்சஸ் என்ற ஆள் 5,000 ரூனுக்கு (ரூன்தான் இந்த விளையாட்டின் காசு) ஒரு சங்கிலி விற்கிறான், மர்க்வாட்டர் குகையில். சண்டையின் முதல் கட்டத்தில் இரண்டு தடவை அவனைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். அந்த நேரத்தில் இரண்டு சார்ஜ் ஹெவியை இறக்கினால் ஸ்டான்ஸும் உடைகிற நிலைக்கு வந்துவிடும். மோக்குக்கும் இப்படி ஒரு சங்கிலி உண்டு, சாக்கடை நிலவறையில். மாலிகெத்துக்கு ப்ளாஸ்ஃபெமஸ் க்ளா என்ற பொருள். அவன் வாள் பொன்னிறமாக மின்னும்போது பிடித்தால் அடி திரும்பி அவனையே சாய்க்கும். ரைக்கார்டின் அறையிலேயே கிடக்கும் ஈட்டியை எடுக்காமல் சொந்த வாளோடு போய் மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஃபயர் ஜயண்டிடம் முதல் கட்டத்தில் கட்டுப்போட்ட இடது கால். வேறு எங்கே அடித்தாலும் நேரம் வீண்.

இப்படிச் சாவி வைத்திருக்கும் பாஸிடம் மேலே சொன்ன வழிகளின் ஒப்பீடு தேவையே இல்லை. இதையும் ஏமாற்று வேலை என்பார்கள். விளையாட்டைச் செய்தவர்கள் கடையில் வைத்து விற்கிற பொருளை வாங்குவதில் என்ன ஏமாற்று?

முட்டி போட்ட பிறகு

இது பலருக்கும் சட்டென்று தோன்றாதது. பாஸ் முட்டி போட்டதும் கிரிட்டிகல்தான் அடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம் உயிர் கால் பங்கு இருக்கிறது, மருந்து குடிக்க நேரமே கிடைக்கவில்லை என்றால் அந்த நேரத்தில் குடியுங்கள். அல்லது அடியுங்கள், ஆனால் ஆயுதத்தை மாற்றிக்கொண்டு. ஸ்டார்ம்வெயிலில் கல்வாள் சாவி போட்டுத் திறக்கும் அறையில் மிசரிகார்ட் என்ற குத்துவாள் இருக்கிறது. கிரிட்டிகல் மதிப்பு 140. பெரும்பாலான ஆயுதங்களுக்கு 100. பெரிய வாளால் முட்டி போட வைத்து, குத்துவாளுக்கு மாறி, குத்திவிட்டுத் திரும்பப் பெரிய வாளுக்கு வருவது கை பழகினால் ஒரு நொடி வேலை. அதன் எடை 2 தான், மொத்தச் சுமையில் பெரிதாகத் தெரியாது. சுமை 70 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் உருளல் அரிசி மூட்டை விழுகிற மாதிரி ஆகிவிடும், அப்புறம் எந்த வழியும் வேலைக்கு ஆகாது.

கிரிட்டிகல் குத்தும் நேரம் முழுக்க நம் மேல் எந்த அடியும் படாது. இரண்டு பாஸ் ஒன்றாக வருகிற இடங்களில் அந்த இடைவெளியே பெரிய ஓய்வு. காட்ஸ்கின் ஜோடியிடம் மட்டும் ஒரு திருத்தம்: அவர்களை முட்டி போட வைக்க மெனக்கெடுவதைவிடத் தூங்க வைப்பது சுலபம். தூக்கக் குடுவை எறிந்து ஒருவனைப் படுக்க வைத்துவிட்டு மற்றவனைக் கவனியுங்கள்.

மருமகனுக்கு என்ன சொன்னேன்

அவன் நிலைமையைப் பாருங்கள். 30 பிரேம், ஒரு மணி நேரம், அவசர விரல். போதாததற்கு ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் தென்னந்தோப்புகளைப் பிடித்து ஆட்டும் காலம். ஒரு மட்டை கம்பியில் விழுந்தால் கரண்டு போச்சு. இந்த விளையாட்டில் பாஸ் சண்டையைப் பாதியில் சேமித்து வைக்க வழி இல்லை. கரண்டு வந்து திரும்பிப் போனால் மார்கிட் முழு உயிரோடு நிற்பான். நீண்ட சண்டை அவனுக்குக் கட்டாது. பேரி முதலிலேயே கழிந்துவிட்டது.

மிஞ்சினது தாவலும் ஷீல்டும். இரண்டையும் வரிசையாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் வாரம் ஹீட்டர் ஷீல்டும் ஆரம்ப நீள்வாளும், கார்ட் கவுண்டர் மட்டும். மார்கிட்டை ஜெயிக்க அல்ல, அவன் எந்த அடியோடு ஒரு தொடரை முடிக்கிறான் என்று தெரிந்துகொள்ள. உருளுகிறவனுக்கு அதைப் பார்க்க நேரம் கிடைக்காது. ஷீல்டுக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கிடைக்கும். அதன் பிறகு வீப்பிங் பெனின்சுலாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் வியாபாரியிடம் 3,500 ரூனுக்கு ஸ்வைஹாண்டர் என்ற கொலாசல் வாள். கேட்கும் ஸ்ட்ரெங்த் 19, டெக்ஸ்டெரிட்டி 11. இரண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்காகும். வேகபாண்டின் ஆரம்ப 14 அதற்குத் தாராளம், டெக்ஸ்டெரிட்டி 13 ஏற்கெனவே இருக்கிறது. ஒரு லெவல்கூட ஏற்றாமல் தூக்கிவிடலாம். வாளின் எடை 15.5, அதனால் வேகபாண்டுக்கு ஆரம்பத்திலேயே வரும் ஹால்பர்டைக் கழற்றி வைக்க வேண்டும்.

“அப்ப மத்த வாளெல்லாம், மாமா?”

“இருக்கட்டும் மாப்ளே. காசு சேர்த்து பேட்சஸ்கிட்ட அந்தச் சங்கிலியையும் வாங்கிக்கோ. ஓநாயைக் கூப்பிடு. மார்கிட் தடியக் கீழ போட்டானா, தாவு.”